பை சோதனை

மாங்காய் சீசன். காவேரிப்பட்டணம் ரோட்டில்
கூழ் ஆலையின் இரண்டாவது கேட்.
வீட்டுக்குக் கிளம்பும் பெண்களின் பைகளில்
டார்ச் அடித்துப் பார்ப்பது என் வேலை.
சட்டைப் பையில் பெயர்: சென்றாயன், எக்ஸ் சர்வீஸ்மேன்.

கேம்ப் பெண்கள்தான் முண்டியடித்து முதலில் வருவார்கள்.
இருட்டுமுன் அங்கே தலை எண்ணுவார்களாம்.
"துவக்கு ஒண்டுமில்லை அண்ணை, மாங்கொட்டைதான்"
பையை விரித்தாள் தவமலர்.
பின்னால் நின்றவர்களும் சிரித்தார்கள்.
அவளுக்குத் தெரிய நியாயமில்லை.

எண்பத்தெட்டு. மார்ச்சோ ஏப்ரலோ.
தமிழ் தெரிந்தவன் என்று
எல்லா வாசலிலும் என்னை முன்னால் நிறுத்தினார்கள்.
மேஜர் இந்தியில் கேட்பார், நான் தமிழில்.
தெலுங்கு வாடை அடிக்கும் என் தமிழைக் கேட்டு
சின்னப் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொள்ளும்.

சாவகச்சேரிப் பக்கம் ஒரு வீடு.
மகன் எங்கே?
"அவன் எங்களுக்கில்லைத் தம்பி" என்றாள் தாய்.

எங்களுக்கில்லை.
செத்துவிட்டான் என்றும் வைத்துக்கொள்ளலாம்,
போய்ச் சேர்ந்துவிட்டான் என்றும்.
வீட்டில் இரண்டு பேர்.
குசினியில் ஈரம் காயாமல்
கவிழ்த்திருந்த தட்டு மூன்று.

"மர் கயா, ஸாப்" என்றேன்.

நாலாம் நாள் அதே ஒழுங்கையில் கண்ணிவெடி.
அரூர் தீர்த்தகிரி. எனக்கு முந்தின நம்பர்.
கடைசி பீடியைக் கிள்ளி எனக்குப் பாதி கொடுத்தவன்.
அவன் பூட்ஸை நான்தான் சாக்கில் போட்டேன்.
வைத்தது யாரென்று யாருக்கும் தெரியாது.
எனக்கும் தெரியாது.
இதை எத்தனை வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

திரும்பி வந்ததும் டீக்கடையில்,
"நம்ம சனத்தையே சுட்டுட்டு வந்திருக்கான் பாரு."
தீர்த்தகிரியின் சம்சாரம் மட்டும்
ஒன்றும் கேட்கவில்லை.
மோர் கொடுத்தாள். குடித்தேன்.

ஆகஸ்டு பதினைந்துக்கு
ஆலையில் கொடி கட்டுவது நான்.
ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சு எனக்குத்தான் வரும்.
பூ உதிரும், மேனேஜர் கை தட்டுவார்,
நான் சல்யூட்டை மட்டும்
கொஞ்சம் சீக்கிரம் இறக்கிவிடுவேன்.

தவமலரின் பையில்
மாங்கொட்டைக்கு அடியில், துண்டில் சுற்றி,
முழுசாக ஒரு பெங்களூரா.
அவள் சிரிப்பு நின்றிருந்தது.

"என்னய்யா, அங்க லேட்டு?" சூப்பர்வைசர்.

டார்ச்சை அணைத்தேன்.
"ஒண்டுமில்லை சார்."

நாலடி போனவள்
எந்த ஊர்த் தமிழ் அது என்று
திரும்பிப் பார்த்தாள்.