புள்ளி

முள்ளோடையில் பேருந்து நிற்கும்.
மாலையில் என் பையைத் திறந்து பார்ப்பார்கள்,
குப்பி இருக்கிறதா என்று.
சோற்று டப்பா, குடை, மூக்குக் கண்ணாடி.
போ என்பார்கள்.
காலையில் யாரும் எதுவும் கேட்பதில்லை.
கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு
என்னத்தைக் கடத்திவிட முடியும் ஒருத்தி?

விசய வருஷம், மாசி மாதம்,
துய்வால் என்றொரு மருத்துவர்
இதே வழியில் ஒரு கொடியைக் கொண்டு போனார்.
அப்போது ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு கொடி பறந்தது,
இந்தப் பக்கம் வேறு கொடி.
அவர் பெட்டிக்குள் இருந்தது மூன்றாவது:
கெடிலத்து முகத்துவாரத்தில்
நண்டு வளைகளின் மேல் படர்வது.

அதுதான் இப்போது என் மேசையில்,
பாரீஸிலிருந்து இரவல் வந்த தாளில்,
தேயிலைத் தூள் நிறத்தில்.
காம்பில் நூலால் கட்டிய ஓலை நறுக்கு,
என் சுண்டுவிரல் நீளம்.
அதில் எழுத்தாணிக் கீறல்:

நணடுககெரடி

புள்ளி வைத்தால் ஓலை பொத்துக்கொள்ளும்,
அதனால் வைக்க மாட்டார்கள்.
காலும் ரகரமும் ஒரே கோடு.
பேச்சு தெரிந்தவர் படித்தால்
வாயே புள்ளி வைத்துக்கொள்ளும்.
பாரீஸில் படித்தவருக்கு எழுத்து மட்டும்தான் தெரியும்.
கூட்டிக் கூட்டிப் பார்த்து
முன்பாதியை விட்டுவிட்டார்.
மிச்சத்துக்கு லத்தீன் வால் ஒட்டி
கெரடியா என்று அச்சில் ஏற்றினார்.

கெரடியா கப்பலேறி மொரீஷியஸ் போனது.
லண்டனில் கண்ணாடிக் கூண்டுக்குள் குளிர் காய்ந்தது.
போன மாதம் இங்கே தாவரவியல் பூங்காவில் பார்த்தேன்,
தகரப் பலகையில் அதே பெயர்.
தண்ணீர் ஊற்றுகிறவரிடம்
இது நண்டுக்கொடி என்றேன்.
இல்லம்மா, இது கெரடி,
நண்டுக்கொடி புறம்போக்குல கிடக்கும் என்றார்.
நான் மேலே பேசவில்லை.

ஓலையின் முதுகை ஸ்கேன் செய்யச் சொல்லிப்
படிவத்தில் எங்கும் இல்லை.
திருப்பினேன்.
இதற்கு நானே புள்ளி வைத்துத் தருகிறேன்:

மாசி ௯ முதல் பூ
பாவாடை கூலி காசு ௨ பாக்கி

ஆக, ஒரு பாவாடை இருந்திருக்கிறார்.
சேற்றில் இறங்கியவர்,
நண்டிடம் கடி வாங்கியவராகவும் இருக்கலாம்,
நாள் தவறாமல் போய்ப் பார்த்தவர்.
இல்லாவிட்டால் முதல் பூ என்று எழுத முடியாது.

சேகரித்தவர் என்று ஒரே ஒரு கட்டம்.
அதில் துய்வால் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறார்.
பாவாடையைக் குறிப்புக் கட்டத்துக்குள் தள்ளினேன்,
நூறு எழுத்துக்கு மேல் ஏற்காது.

ரெயூனியன் தீவில் ஒரு பெண்,
கரீன் மூத்தூசமி என்று ஒப்பமிடுகிறாள்.
தமிழ் தெரியாதாம்.
தன் பெயருக்குப் பொருள் கேட்டதில்லை,
நானும் சொன்னதில்லை.
எந்தச் செடி எந்தத் தேதியில் பூக்கிறது என்று
உலகெங்கும் விசாரித்துச் சேர்க்கிறாள்.
இப்போதெல்லாம் மார்கழி நடுவிலேயே பூத்துவிடுகிறது
என்று நான் எழுதியிருந்தேன்,
பேருந்துச் சன்னலிலிருந்து பார்த்து.
பழைய கணக்கு அவளிடம் எண்பது வருஷம்தான்.
மாசி ஒன்பதைப் பிப்ரவரியாக்கி அனுப்பினேன்.

மறுநாள் வரைபடம் வந்தது.
வலப்பக்கம் ஈயாக மொய்க்கும் புள்ளிகள்.
நடுவில் வெறும் வெள்ளை.
இடது ஓரத்தில், மேலே,
தனியாக ஒன்று.
ஓலை தாங்காது என்று அவர் வைக்காமல் விட்டது.

பக்கத்தில் அம்புக்குறி போட்டு
துய்வால், 1774 என்று எழுதியிருந்தாள்.

இல்லை என்று பதில் எழுதத் தொடங்கினேன்.
பாவாடையை அவர்கள் எழுத்தில் எப்படி எழுதுவது,
எந்த எழுத்து புரண்டு
அவர் எதுவாகப் போய்ச் சேர்வார்
என்று யோசித்து யோசித்து
கடைசியில் தமிழிலேயே அடித்தேன்,
கூலி பாக்கியையும் சேர்த்து.

இரண்டு காசு இன்றைக்கு எவ்வளவு
என்று கேட்டிருக்கிறாள்.

வட்டியோடா
என்று கேட்க வேண்டும்.