எழுத்துரு

எங்க குடுத்தாலும் திறக்குதில்லை தம்பி என்று
மூடி தொலைந்த பென் டிரைவை
மேசையில் வைத்தா திலகேஸ்வரி அக்கா.
மல்லாவியில் மத்தியானம்.
மின்சாரம் போய்ப் போய் வந்தது.

கோப்பின் பெயருக்குப் பின்னால் புள்ளி இல்லை,
மூன்றெழுத்தும் இல்லை.
எதால் திறக்கிறது என்று
கணினி என்னையே கேட்டது.
டொக் என்று ஒட்டிப் பார்த்தேன். திறந்தது.
அக்கா கதிரையைப் பின்னுக்கு இழுத்தா:
இங்கிலிசு. இங்கிலிசும் இல்லை.
இடைக்கிடை அரைப்புள்ளிகள், சீனியில் எறும்பு மாதிரி.

ஆர், கியூ, அரைப்புள்ளி, எஃப், கே, அரைப்புள்ளி.
இது சங்கம், அக்கா.
பாமினியில் அடிச்சிருக்கு.
எழுத்துரு இல்லாத இடத்தில்
தமிழ் இப்பிடித்தான் முழிக்கும்.

நிறுவி முடிய யூபிஎஸ் கத்தத் தொடங்கியது.
அதற்குள் திரை முழுக்க:
கமக்காரர் சங்கம், காலபோகம், இரண்டாயிரத்து ஏழு,
உரக்கடன் பாக்கி.

உருட்டிக்கொண்டு போன விரல்
பதினேழாம் வரியில் நின்றது.
வே. குலவீரசிங்கம். யூரியா இரண்டு பை.
அப்பா.
கட்டித் தீர்த்த திகதிக்கான கட்டம் வெறுமை.

அக்கா கண்ணாடியைத் துடைத்துத் திரும்பப் போட்டா.
வாசித்தாவோ தெரியாது.
'இனி ஆரிட்டக் கேக்கிறது இதுகளை,
ஒருக்கா அச்சடிச்சுத் தாரும்.'

நாலு பக்கம். மை மங்கல்.
எவ்வளவு என்று கேட்டா.
சுவரில் ஒட்டியிருக்கிறது: கோப்பு மீட்பு ஐந்நூறு.
யூரியா அப்போது என்ன விலை விற்றதென்று
எனக்குத் தெரியாது.