மொழிபெயர்ப்புப் படி

கோட்டைக்குள் மான்கள் நின்றன, எப்போதும்போல.
காவலரண் மண்மூட்டையில் ஒன்று தாடையைத் தேய்த்துக்கொண்டிருந்தது.
கச்சேரியிலிருந்து என்னை ஜீப்பில் ஏற்றி வந்திருந்தார்கள்,
இரண்டு மொழியும் தெரிந்த எழுதுவினைஞன் என்று.

மூன்று அதிகாரிகள், ஒரு மேசை விசிறி,
சான்றுப்பொருளாக நனைந்து காய்ந்த ஒரு ரிக்கற் புத்தகம்.
குற்றம்: துரோகம்.
எதிரி (நீதிமன்றத் தமிழ் அப்படித்தான் சொல்லும்)
மூதூர் லாஞ்சியில் ரிக்கற் கிழிக்கிறவர்,
பெயர் கதிர்காமத்தம்பி.

பெயரைக் கேட்டதும் நடுவில் இருந்தவர் சிரித்தார்.
தானும் கதிர்காமத்துக்கு நேர்ந்து நடந்து போனவராம்.
அந்தச் சிரிப்பில் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

"அன்றைக்கு இரவு லாஞ்சியில் ஏறினது யார்?"

"தம்பிமார்தான் ஐயா.
அவங்களிட்ட ரிக்கற் கேட்க ஏலுமோ?"

தம்பிமார்.
பயத்துக்கு நாங்கள் வைத்திருந்த செல்லப்பெயர்.
துவக்கோடு படலையில் நின்று சோறு கேட்டவன் தம்பி.
சந்தியில் லைற் கம்பத்தோடு ஒருவரைக் கட்டிச் சுட்டு,
இதே துரோகம் என்ற சொல்லை
மட்டையில் எழுதிக் கழுத்தில் தொங்கவிட்டவனும் தம்பி.
இதைச் சிங்களத்தில் சொல்ல நாலைந்து வசனம் வேண்டும்.
எனக்கு ஒரு சொல்தான் வந்தது:
மல்லி.
வீட்டில் என்றால் ரசத்துக்கு அரைக்கிறது.
அங்கே, உடன்பிறந்தவன்.

தட்டச்சுக்காரப் பொடியன் இரண்டு விரலால் அடித்தான்:
வந்தவர்கள் தன் சகோதரர்கள் என எதிரி ஒப்புக்கொள்கிறார்.
நான் வாயைத் திறந்தேன்.
விசிறி என் பக்கம் திரும்பி, நின்று, போனது.
வாயை மூடிக்கொண்டேன்.

எல்லாமாகப் பதினொரு நிமிடம்.
யன்னலுக்கு வெளியே கடல்
எந்த மொழியும் தெரியாததுபோல் கிடந்தது.

கூட்டிப் போகும்போது அவர் என்னைத்தான் பார்த்துச் சொன்னார்:
"லாச்சிக்குள்ள பதினேழு ரூபா சில்லறை கிடக்கு,
கணக்கில காட்டச் சொல்லுங்கோ."
என்ன சொல்கிறான் என்று எவரும் கேட்கவில்லை.
அந்த ஒரு வசனத்தை நான் பிழையில்லாமல் சொல்லியிருப்பேன்.

படிக்காசு நாற்பத்தைந்து ரூபாய்.
வவுச்சரில் ஒப்பமிட்டு வாங்கினேன்.
மீன் வாங்கினேன்.

ஆவணி மழைக்கு முன்
கச்சேரி வாசலில் ஒரு மனிசி நின்றா.
செருப்பில் மூதூர்ச் சேறு,
கைக்குட்டைக்குள் மடித்த ஏதோ கடுதாசி.
காவலுக்கு நின்ற ஆமிக்காரன் நாலடி தள்ளி.

"தம்பி," என்றா,
"நீங்கள்தானே அன்றைக்கு உள்ளுக்கு நின்றது?"

நான் முதலில்
அவவைப் பார்க்கவில்லை.
அவன் பக்கம்தான் பார்த்தேன்,
கேட்டிருக்குமோ என்று.