இடப்பக்கம் கிறுகும்போது மட்டும்

செங்கலடிச் சந்தியில்
பதுளை றோட்டுக்கு இடப்பக்கம் கிறுகும்போது
காருக்கு அடியில் யாரோ
உமியோடு மணலும் சேர்த்து அரைக்கிறார்கள்.

நேராகப் போனால் இல்லை.
பின்னேரம் வீடு திரும்ப
அதே சந்தியில் வலப்பக்கம் கிறுகினாலும் இல்லை.
காலையில் மட்டும்.
வேலைக்குப் போகப் பிடிக்காத கார் என்றாள்
கந்தோரில் கணக்கெழுதும் மெர்சி.
லீசிங் முடிய இன்னும் பதினேழு மாதம்.
அதுவரை அதற்குப் பிடிக்காமல் போக உரிமையில்லை.

குகதாசன் கராஜில்
ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து வட்டமடித்துப் பார்த்தார்கள்.
"இடப்பக்கம் கிறுகினாச் சத்தம்.
அப்ப இடப்பக்கச் சில்லுதான்."
சீவி ஜொயின்ற் மாற்றினார்கள்.
இருபத்தெட்டாயிரம். பில்லில் கிறீஸ் தனியாக.
மறுநாள் அதே சந்தி, அதே அரைவை.
பஸ்ஸுக்கு நின்ற பொடியன் திரும்பிப் பார்த்தான்.
எனக்குக் காது சுட்டது.

நான் மாட்டு வைத்தியர்.
பதினோரு வருடமாக வாய் பேசாததுகளிடம்
எங்கே நோகுது என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன்.
நொண்டும் மாட்டை நிற்கவைத்து மட்டும் பார்ப்பதில்லை,
நடத்திப் பார்ப்போம்.
நோகும் முன்னங்கால் நிலத்தில் படும்போது
தலை மேலே எகிறும்,
நல்ல காலில் இறங்கும்.
பாரம் எங்கே போகிறதோ அங்கே பார்.
படித்ததுதான். பரீட்சையிலும் எழுதியதுதான்.

கரடியனாற்றில்
ஒரு நாம்பன் கன்றோடு
குனிந்து நடந்துகொண்டிருந்தபோது உறைத்தது:
இடப்பக்கம் கிறுகும்போது
நான் வலப்பக்கம் சாய்கிறேன்.
பக்கத்து சீற்றில் இருக்கும் தடுப்பூசிப் பெட்டி
வழுக்கிவந்து என் இடுப்பில் முட்டுகிறது.
காரும் அப்படித்தானே சாயும்.
இருபத்தெட்டாயிரம்!
"என்ன டொக்டர், கடுமையா?"
கன்றின் சொந்தக்காரர் கேட்டார்.
கடுமைதான் என்றேன்.
கன்றுக்கு ஒன்றுமில்லை,
குளம்பிடுக்கில் ஒரு கல்.

ஏறாவூரில் பைறூஸ்
முன்பக்கத்தை ஜக்கில் தூக்கி
வலது சில்லைச் சுழற்றிவிட்டு
ஸ்பிறிங்கில் உள்ளங்கையை வைத்தான்.
பிறகு நீட்டு ஸ்குறூட்ரைவரின் பிடியைக்
காதடி எலும்பில் ஊன்றிக் கண்ணை மூடினான்.
பக்கத்தில் லொறிக்குத் தகரம் அடிக்கிறார்கள்.
"விளங்குதில்ல கா."

பின்சீற்றிலிருந்து ஸ்டெதஸ்கோப்பை எடுத்தேன்.
அதில் இன்னும் சாணம் மணந்தது.
சில்லின் குடத்தருகே வைத்தோம்.
இடது: நித்திரைகொள்ளும் பிராணியின் மூச்சு.
வலது: சளி கட்டிய கன்றின் நெஞ்சு.
நம்பமுடியாமல்
மாறி மாறி இரண்டு பேரும் கேட்டோம்.

பெயரிங்கை அழுத்திக் கழற்றியபோது
கிறீஸ் இல்லை,
செங்கல் நிறத்தில் ஒரு கூழ்.
"தண்ணிக்குள்ள விட்டீங்களா?"

மார்கழி வெள்ளம்.
கறுத்தப்பாலத்துக்கு அங்கால்
றோட்டெது வயலெது தெரியாமல்
ஒரு உழவு மெஷினின் பின்விளக்கைப் பிடித்துக்கொண்டு
ஊர்ந்தேன்.
கதவிடுக்கால் வந்த தண்ணீர் செருப்பை மிதக்கவைத்தது.
அன்றைக்கு எதுவும் சத்தம் போடவில்லை.
மூன்று மாதம் கழித்துத்தான்.

யப்பான் பெயரிங், கூலி எல்லாம்
பதின்மூவாயிரத்து ஐந்நூறு.
நான் காசெண்ணும் நேரம் பைறூஸ்
ஸ்டெதஸ்கோப்பைத் தன் பனியன்மேல் வைத்திருந்தான்.
கொஞ்சநேரம் பேசவில்லை.
"இது இன்னும் எத்தின மைல் ஓடும் டொக்டர்?"
"நான் மாட்டுக்குத்தான்."
"பரவாயில்ல கா, சொல்லுங்க."

அடுத்த நாள் காலை.
கண்ணாடியை இறக்கி, சிக்னல் போட்டு,
இடப்பக்கம் கிறுகினேன்.
கடகடவென்று ஒரு சத்தம்.
நான் பிரேக்கை மிதித்ததில்
பின்னால் வந்த ஓட்டோக்காரர்
என் பரம்பரையை விசாரித்துப் போனார்.

டாஷ்போட் தட்டில்
நானே கேட்டு வாங்கிவந்த பழைய பெயரிங்
இடப்பக்கமிருந்து
வலப்பக்கம் உருண்டுபோய்க்
கிடந்தது.