இரண்டாவது பேட்டரி

மாதத்தின் முதல் திங்கள், காலை ஏழு மணி.
டிராலியில் ஏறி நிற்கும் படகின் பின்னால்
இருநூறு லிட்டர் டிரம்மில் தண்ணீர் பிடித்து
இஞ்சினின் காலை அதற்குள் இறக்குவேன்.
பத்து நிமிடம் ஓடும்.
டிரம்முக்குள் ஓர் ஆறு சுழன்று சுழன்று
எங்கும் போகாமல் நுரைக்கும்.
பிறகு பதிவேட்டில் எழுதுவேன்:
ஓடியது. பேட்டரி 12.6.
முனிரத்தினம், ஓட்டுநர்.

நீரில்லா ஆறு என்று
தன்னைத்தானே கிண்டலடித்துக்கொள்ளும் வேலூரில்
படகோட்டி என்று சொன்னால்
இலை போடுவதற்கு முன்பே சிரிப்பு பரிமாறிவிடுவார்கள்.
பாலாற்றுப் பாலத்தில் போகும்போதெல்லாம்
கீழே மணலையும் முள்ளையும் காட்டி
"மாமா, உன் ரோடு" என்பான் மச்சான்.

உழைத்துத் தேயும் பொருள்கள் உண்டு.
பேட்டரி அந்த ரகமில்லை,
சும்மா இருந்தே சாகும்.
12.6. 12.4. 12.1.
யாரும் தொடாமல், யாரும் திட்டாமல்
ராத்திரிகளில் கொஞ்சம் கொஞ்சமாக.
முனைகளில் பச்சை பூக்கும்.
வெந்நீர் ஊற்றித் துடைத்து வாசலின் தடவுவேன்.

இன்னொன்று வேண்டுமென்று எழுதிப்போட்டேன்.
படகில் அதற்கு இடம்கூட உண்டு,
ரப்பர் விரித்த ஒரு செவ்வகம், காலியாக.
நான்கு மாதம் கழித்துக் கேள்வி வந்தது:
கடந்த மூன்றாண்டில் படகு எத்தனை முறை பயன்பட்டது?
இல்லை, என்று எழுதினேன்.
இல்லை, என்று அவர்களும் எழுதினார்கள்.

கார்த்திகையில் பொன்னையாறு முழுசாக வந்தது.
திருவலம் இரும்புப்பாலத்துக்குக் கீழே
செங்கல் சூளை மேட்டில் பதினோரு பேர்.
எங்களை இறக்கிவிட்ட வண்டி
மரம் விழுந்த சாலைக்குப் போய்விட்டது.
சாவியைத் திருப்பினேன்.
டக்.
மறுபடி திருப்பினேன்.
அந்த டக்கும் இல்லை.

மூடியைக் கழற்றிச் சக்கரத்தில் கயிறு சுற்றி
ஜமால் இழுத்தான். லூர்துசாமி இழுத்தார்.
ஏழாவது இழுப்பில் கயிறு அறுந்து
முடிச்சு என் பல்லில் வந்து விழுந்தது.
எதிர்க்கரையில் யாரோ செல்போன் வெளிச்சத்தை
ஆட்டிக்கொண்டே இருந்தார்கள்.
அதிலும் ஒரு பேட்டரி, குறைந்துகொண்டே.

கரைமேல் ஒரு பால் டெம்போ நின்றிருந்தது.
"இன்னா சார், படகு பஞ்சரா?"
கோட்டீஸ்வரி. வண்டியும் அவளுடையது, கேன்களும் அவளுடையவை.
கேட்டோம்.
"நாலரைக்கு வண்டி எடுக்கணும்.
பால் காத்துக்கினு இருக்காது."
சொல்லிக்கொண்டே பத்தாம் நம்பர் ஸ்பேனரால்
மைனஸை முதலில் கழற்றினாள்.
அப்போதே தெரிந்துவிட்டது எனக்கு,
இவள் கையில் எதுவும் பொசுங்காது.

ஆயுத பூஜைச் சந்தனம் இன்னும் அதன் நெற்றியில்.
தோளில் தூக்கிவந்து அந்தச் செவ்வகத்தில் வைத்தேன்.
இரண்டு விரல் இடைவெளி விட்டது, ஆடியது.
கேன் தூக்கும்போது தலையில் வைக்கும் சும்மாட்டுத் துணியை
மடித்துச் செருகினாள்.
சிவப்பு சிவப்பில். கருப்பு கருப்பில்.
சாவி.

மூன்று நடை. பதினோரு பேர், நான்கு ஆடு.
மோட்டார் சைக்கிளை ஏற்றச் சொன்னவரை
லூர்துசாமி ஏசி உட்காரவைத்தார்.
இரண்டாம் நடையில், நடு ஆற்றில்,
ஒரு வேலிக்கம்பி சுற்றி இஞ்சின் நின்றது.
அறுத்தெடுத்து நிமிர்ந்தபோது
தண்ணீரின் சத்தம் மட்டும்.
மடியில் யாருடையதோ ஒரு குழந்தை.
சாவியைத் தொட்ட விரலுக்கு
அந்த ஒரு நொடியில் எத்தனை வயதாகியிருக்கும்!
பிடித்துக்கொண்டது.

நாலு இருபதுக்கு டெம்போவில் திரும்ப மாட்டினோம்.
முதல் திருப்பிலேயே கிளம்பியது.
அவள் திரும்பிப் பார்க்கவில்லை,
கேன்கள்தான் திருப்பத்தில் ஒருமுறை குலுங்கின.

மறுபடி எழுதிப்போட்டேன்.
பயன்பட்டது: ஒரு முறை.
யார் பேட்டரியில் என்று எழுத
அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை.

இது பங்குனி. பாலத்தடியில் பழைய மணல்.
டிரம் நுரைத்து அடங்கிவிட்டது. 12.5.
செவ்வகத்தில் அந்தத் துணி அப்படியே கிடக்கிறது.
ஒரு மூலையில் ஆசிட் தின்ற ஓட்டை,
முகர்ந்தால் லேசாகப் புளித்த பால்.
துவைத்துத் திருப்பித் தரவேண்டும்.
அடுத்த திங்கள், அடுத்த திங்கள் என்று
எடுக்காமலே மூடியைச் சாத்துகிறேன்.