பத்து எண்ணு

புந்தா அரேனாஸில் காற்றுக்கு நுழைவுச்சீட்டு தேவையில்லை.
பள்ளி ஜிம்னாசியத்தின் தகரக் கூரையை உலுக்கி
ஒலிவாங்கிக்குள் முதலில் பாடுவது அதுதான்.

உதிரி பேட்டரியைக் கம்பளிக்குள், வயிற்றோடு வை
என்கிறாள் யாஸ்னா.
குளிரில் அது நமக்கு முன்னால் செத்துவிடும்.
ஜூம் செய்யாதே, நடந்து போ.
கைதட்டல் ஓய்ந்த பிறகும் பத்து எண்ணு.

எண்ணினேன்.
மூன்றில் திரை விழுந்தது.
பாட்டின் வரியை மறந்த எலியேசர்
திரைக்கடியில் வெறும் காலணிகளாய் நின்றான்.
பத்து முடிந்தும் என் விரல் நகரவில்லை.

இன்னொரு ஜோடி வந்து
அவன் காலணியை லேசாக மிதித்தது.
அது திருப்பி மிதித்தது.

தொகுக்கும்போது யாஸ்னா ஒன்றும் பேசவில்லை.
முதல்வர் உரையில் நான்கு நிமிடம் வெட்டி
இதற்கு இடம் பண்ணினாள்.

காற்றை மட்டும் எங்களால் வெட்ட முடியவில்லை.