மடிக்குப் பத்து வீதம்

பதினேழாவது மாதம் சீட்டு எனக்கு விழுந்தது.
நான்கு லட்சத்து முப்பதாயிரம்.
சங்கத்துக் காசாளர் மேசையில்
அடுத்தவர் காசையே எண்ணிப் பழகிய விரல்
என் காசை இரண்டு தரம் பிழையாக எண்ணியது.

கூரைக்குத் தகரம் மாற்றலாம் என்றார் தயாபரன்.
குழாய்க்கிணறு இறக்கலாம் என்றார்.
பிறகு டியூப் பசை காயாத கையைச் சாரத்தில் துடைத்து
அவரே சொன்னார்:
"இல்லை. ஒருக்கா எங்கையாவது போவம்.
பிளேனில."

எங்கே?

சதுர்சிகாவுக்குப் பதினைந்து வயது. சுவிஸ் என்றாள், பனி வேணுமாம்.
இரண்டு பேரின் டிக்கெட்டோடு சீட்டுக்காசு முடிந்தது.
சிங்கப்பூர் என்றாள்.
அங்கே ஓர் இரவு அறைவாடகையில்
இங்கே மூன்று மூடை உரம் வாங்கலாம்.
தாய்லாந்தில் கடல் இருக்கிறது;
கடல் முல்லைத்தீவிலும் இருக்கிறது, பஸ் காசுக்கு.
பலாலியில் ஏறித் திருச்சியில் இறங்கினால்?
"அம்மா, அது வெளிநாடே?
அங்கையும் எல்லாரும் தமிழ்தானே கதைப்பினம்."
எனக்கு அதுதான் விருப்பம். சொல்லவில்லை.

ஆரிக்கனிடம் யாரும் கேட்கவில்லை.
அவனுக்கு மாங்குளத்து ரயில் கடவையே போதும்,
மணி அடித்துக் கட்டை இறங்கினால்.
பகல் நித்திரை பன்னிரண்டரைக்கு.
அது தவறினால் எந்த நாடென்றும் பாராமல் கத்துவான்.
செருப்பு, ரிமோட், மண், எதையும் நக்குவான்.

கடைசியில் கோலாலம்பூர்.
டிக்கெட் மலிவு, சோறு கிடைக்கும்.
அவளுக்கு உயரக் கட்டடங்கள்,
அவருக்கு முருகன் படிகள்,
எனக்கு நான் மூட்டத் தேவையில்லாத ஓர் அடுப்பு.

கணக்கை அவள்தான் போட்டாள்,
கணிதப் பயிற்சித்தாளின் பின்பக்கத்தில்.
இரண்டு வயது நிறையாத பிள்ளைக்கு ஆசனம் இல்லை,
தாயின் மடியில் வரலாம்.
மடிக்குப் பத்து வீதம்.
இத்தனை வருடத்தில் முதல்முதலாக
இந்த மடிக்கு ஒருவர் விலை போட்டிருக்கிறார்.

ஆரிக்கன் பிறந்தது ஓகஸ்ட் பத்தொன்பது.
நாங்கள் பார்த்த டிக்கெட்
பதினைந்து போய் இருபது வருவது.
போகும்போது குழந்தை,
வரும்போது அவன் ஒரு பிரயாணி!
முப்பத்தோராயிரம் மேலதிகம்.

"பதினெட்டே திரும்பினால்?" என்றாள்.
திரும்பலாம். எதை வெட்டுவது?
"வோட்டர் பார்க்கை வெட்டுங்கோ."
ஆறு மாதமாய் அவள் கேட்டுக்கொண்டிருந்தது அது.
என் முகத்தைப் பார்த்துவிட்டு,
"ஐயோ, அழாதையுங்கோ.
அப்பா சறுக்குப்பலகையில வாறதை
என்னால பாக்கேலாது, அவ்வளவுதான்."
ஹெட்போனை மாட்டிக்கொண்டாள்.

எங்கள் வீட்டில் வெளிநாடு என்றால்
ஏஜென்சிக்காரன், அடகுத் துண்டு,
நடுச்சாமத்தில் வரும் அழைப்பு.
தயாபரனின் தம்பி போய் இருபத்தொரு வருடம்.
அவன் நரைத்ததை வட்ஸ்அப்பில்தான் பார்த்தோம்.
போகும் திகதியும் வரும் திகதியும்
ஒரே தாளில் அச்சாகி
இந்தப் படலைக்குள் வந்தது இதுதான் முதல்.
அதைக் கடையில்
டயர் விலைப்பட்டியலுக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்தார் அவர்.
வருகிறவர்கள் வாசித்துவிட்டு
ஒட்டுக்குக் காசு குறைக்கச் சொன்னார்கள்.

நேற்று வேலியால் எட்டினாள் புவனலோஜினி.
"வெளிநாடு போறியளாம்.
காணி விக்கிறதெண்டால் எங்களிட்டச் சொல்லுங்கோ,
வேற ஆருக்கும் குடுத்திடாதையுங்கோ."
நாலு நாள், என்றேன்.
"எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுவினம்."
நாலு நாள். பதினெட்டு இரவு கட்டுநாயக்கா,
விடியக் காலமை இங்கை. கேக் வெட்ட வாங்கோ.
சிரித்தாள். சிரித்தபடியே
கிணற்றடியிலிருந்து மூலைத் தென்னை வரைக்கும்
ஒருதரம் கண்ணால் அளந்தாள்.

கோழித்தீன் வாளியை அவள் கையில் கொடுத்தேன்.
காலமை ஒரு சுண்டு, பின்னேரம் ஒரு சுண்டு.
கறுத்தப் பேடு அடைகிடக்கு, அதுக்குத் தண்ணி கிட்ட வையுங்கோ.
பத்தொன்பது காலமை நான் போடுவன்.